ரோமியோ ஜூலியட்டின் ஆங்கிலம் ஏன் வழுக்குகிறது?

“தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்திருக்கிறேன். ‘ரோமியோ ஜூலியட்’ பாடமாக இருக்கிறது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, அப்படியும் புரிவதில்லை. இன்றைய ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய பதிப்பை மட்டும் படித்தால் போதாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரி பதிப்பைப் பற்றியது. ஆனால் நடுவில், ‘வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் புரிகிறது போலிருக்கிறது’ என்று ஒரு வரி வருகிறதே, உண்மையான கேள்வி அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. குறை என் ஆங்கிலத்திலா, அந்த நாடகத்தின் மொழியே அப்படித்தானா என்பதே நீங்கள் கேட்பது.

நானும் தமிழ் வழியில் படித்து வந்தவன்தான். பிறகு 22 ஆண்டுகள் இந்த நாடகத்தை வகுப்பில் நடத்தினேன். முதல் சில ஆண்டுகள் தப்பும் தவறுமாகவே நடத்தியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வது: மற்றவர்களுக்கும் புரியவில்லை, தலையை ஆட்டுகிறார்கள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் பள்ளியில் இதை அடிக்குறிப்போடுதான் படிக்கிறார்கள். நாடகம் எழுதப்பட்டது 1590களின் நடுவில். சரியான ஆண்டு எது என்பதில் 1594 முதல் 1596 வரை ஆளுக்கொன்று சொல்வார்கள். அச்சில் முதலில் வந்தது 1597இல், திருத்தி விரித்த பதிப்பு 1599இல். நானூறு ஆண்டுக்கு முந்தைய பேச்சு. ஆனால் ஒரு விஷயத்தில், ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள ஒரு மாணவனைவிட உங்களுக்கு இந்த நாடகம் எளிது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அகராதி விஷயம். இந்த நாடகத்தில் கடினமான சொற்கள் பெரிய தொல்லை இல்லை. தெரியாத சொல்லைப் பார்த்தால் நின்று தேடுவோம், பொருள் கிடைத்துவிடும். தொல்லை கொடுப்பவை தெரிந்த சொற்கள். பார்த்தால் பழகிய முகம், பேசினால் வேறு ஆள். இதில் புகழ்பெற்றது ‘வேர்ஃபோர்’. “ஓ ரோமியோ, ரோமியோ, வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ?” என்று ஜூலியட் தனியாக நின்று புலம்பும் வரியை, ‘ரோமியோ, எங்கே இருக்கிறாய்?’ என்று புரிந்துகொள்ளாதவர்கள் குறைவு. கார்ட்டூன்களில்கூட அவள் கையை நெற்றியில் வைத்து இருட்டில் அவனைத் தேடுவாள். ‘வேர்’ என்று ஆரம்பிப்பதால் வந்த வினை. ‘தேர்ஃபோர்’ என்றால் ‘ஆகையால்’ என்று உங்களுக்குத் தெரியும். அதன் ஜோடிதான் ‘வேர்ஃபோர்’, ‘எதனால்’. அவள் கேட்பது, ‘ரோமியோ, நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்? பகைவன் வீட்டுப் பிள்ளையாக ஏன் பிறந்து தொலைத்தாய்?’ என்று. அப்படிப் படித்தால்தான் அடுத்த வரிகளில், அப்பனை மறுத்துவிடு, பெயரை விட்டுவிடு, பெயரில் என்ன இருக்கிறது என்றெல்லாம் அவள் பேசுவது ஒட்டும். ‘எங்கே’ என்று படித்தால் அந்தப் பேச்சு அந்தரத்தில் தொங்கும். (போகிற போக்கில்: இதை எல்லோரும் ‘பால்கனி சீன்’ என்கிறோம். நாடகத்தில் அந்தச் சொல்லே கிடையாது, ஜன்னல்தான் வருகிறது.)

இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். அந்தக் காட்சியிலேயே ரோமியோ, “பட் சாஃப்ட்!” என்கிறான். மென்மை என்று பொருள் கொண்டால் ஒன்றும் ஓடாது. ‘இரு, இரு’, ‘சற்றுப் பொறு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ஜூலியட், “ஃபேர்வெல் காம்ப்ளிமென்ட்!” என்கிறாள். அங்கே காம்ப்ளிமென்ட் என்றால் பாராட்டு இல்லை, சம்பிரதாயம்; ‘இனி இந்தச் சம்பிரதாயமெல்லாம் வேண்டாம், போ’ என்று அர்த்தம். காதலர்களுக்கு உதவும் பாதிரியார் ஜூலியட்டிடம் மயக்க மருந்தைக் கொடுத்து, ‘ப்ரெசென்ட்லி’ உன் நரம்பெல்லாம் குளிர்ச்சி ஓடும் என்கிறார். இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ‘தற்போது’ என்றோ ‘சற்று நேரத்தில்’ என்றோ பொருள் சொல்வார்கள். அவர் சொல்வது ‘உடனே’. ‘ஸ்டில்’ என்றால் பல இடங்களில் ‘எப்போதும்’. ‘ஃபாண்ட்’ என்றால் பிரியம் என்பதோடு அசட்டுத்தனமும் சேர்ந்தது. நாடகத்தின் கடைசியில், போய்ச் சேராத ஒரு கடிதத்தைப் பற்றிப் பாதிரியார், அது ‘நைஸ்’ இல்லை என்கிறார். கடிதம் நன்றாக எழுதப்படவில்லை போலிருக்கிறது என்று ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியிருந்தாள். நான் சிரிக்கவில்லை, அவள் அகராதிப்படிதான் எழுதியிருந்தாள். ‘நைஸ்’ என்றால் அப்போது ‘அற்பமான’. அது அற்பக் கடிதம் இல்லை, உயிர்போகிற சமாசாரம் என்பதே அவர் சொல்வது. ஆகவே சாதாரண அகராதியை மூடி வையுங்கள். அது இங்கே உங்களைத் தைரியமாகத் தவறான வழியில் அழைத்துப் போகும். பக்கத்துக்குப் பக்கம் எதிரே குறிப்பு அச்சிட்ட ஃபோல்ஜர் போன்ற பதிப்பு ஒன்று போதும்.

இப்போது உங்களுக்கு இருக்கும் அனுகூலம். ‘தௌ’, ‘தீ’, ‘தை’ என்று வரும் சொற்களைப் பார்த்ததும் மாணவர்கள் இதை ஏதோ பழைய, கம்பீரமான, மரியாதையான ‘யூ’ என்று நினைத்துவிடுகிறார்கள். சர்ச் ஜெபங்களில் கேட்ட பழக்கம். உண்மை நேர் எதிர். அன்றைய ஆங்கிலத்தில் ‘தௌ’ என்றால் ‘நீ’, ‘யூ’ என்றால் ‘நீங்கள்’. ஜெபத்தில் கடவுளை ‘தௌ’ என்பது நாம் ‘முருகா, நீயே கதி’ என்பது போலத்தான். நெருக்கம் இருப்பதால் ஒருமை. இன்றைய ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு அழிந்துவிட்டது. லண்டனில் பிறந்த மாணவன் இதைப் பாடமாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் காதில் அது விழாது. நமக்கு ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும், யார் யாரை ‘நீ’ என்கிறார்கள், யார் ‘நீங்க’ என்கிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும். அதே காதை இங்கேயும் கொண்டுவாருங்கள்.

விருந்தில் ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதலில் பேசும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமியோ அவள் கையைப் பிடித்து, இது ஒரு கோயில், என் உதடுகள் வெட்கப்படும் இரண்டு யாத்திரிகர்கள் என்று நான்கு வரி பேசுகிறான். ஜூலியட் நான்கு வரியில் பதில் சொல்கிறாள். அவன் கடைசியாகப் பிடித்த எதுகை, ‘திஸ் – கிஸ்’. அவளும் அந்த ‘திஸ் – கிஸ்’ஸையே எடுத்துத் திருப்பிப் போடுகிறாள். நம்ம ஊர் எசப்பாட்டு மாதிரி. பிறகு ஆளுக்கொரு வரி, இரண்டு வரி என்று மாறி மாறிப் போய், எண்ணிப் பார்த்தால் சரியாக 14 வரி. இருவரும் சேர்ந்து, தெரியாமலே, ஒரு முழு சானெட், அதாவது பதினான்கு வரிக் கவிதை, கட்டி முடித்திருக்கிறார்கள். பதினான்காவது வரியில் முத்தம். அதோடு விடாமல் அடுத்த சானெட்டை ஆரம்பிக்கிறார்கள், நான்கு வரி போனதும் செவிலி வந்து, அம்மா கூப்பிடுகிறார்கள் என்று கலைத்துவிடுகிறாள். நடுவில் ‘பாம்’ என்ற சொல்லை வைத்து ஒரு விளையாட்டும் இருக்கிறது: உள்ளங்கையும் ‘பாம்’, எருசலேம் போய்வந்த யாத்திரிகர் அடையாளமாகக் கொண்டுவரும் ஓலையும் ‘பாம்’; அதனால் யாத்திரிகருக்குப் பெயரே ‘பாமர்’. கையோடு கை சேர்வதே யாத்திரிகர் முத்தம் என்று சொல்லி, உதட்டைத் தள்ளி வைக்கிறாள் அந்தப் பெண். அவளுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை என்பதைச் செவிலி முன்பே சொல்லியிருக்கிறாள். இத்தாலிய மொழியில் ‘ரோமியோ’ என்றாலே ரோமுக்குப் போகும் யாத்திரிகன் என்று பொருள். ஷேக்ஸ்பியர் அதை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்பது ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம்.

இந்த 14 வரிக்குள் ஜூலியட் அவனை ‘யூ’ என்கிறாள், அதாவது நீங்கள். முகம் தெரியாத விருந்தாளியிடம் ஒரு பெரிய வீட்டுப் பெண் பேசுகிற முறை. சில மணி நேரம் கழித்து, தோட்டத்து இருட்டில், அவன் இல்லை என்று நினைத்துத் தனியாகப் பேசும்போது ‘தௌ’ வந்துவிட்டது. மனதுக்குள் எப்போதோ ‘நீ’ ஆகிவிட்டான். அவன் கீழே நிற்பது தெரிந்த பிறகும் அவளால் ‘யூ’வுக்குத் திரும்ப முடியவில்லை. ‘நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டாய், இல்லாவிட்டால் சம்பிரதாயத்தைக் காப்பாற்றியிருப்பேன்’ என்று அவளே சொல்கிறாள். மேலே சொன்ன அந்த ‘ஃபேர்வெல் காம்ப்ளிமென்ட்’ இந்த இடத்தில்தான் வருகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் நான்காவது அங்கத்தின் முதல் காட்சி. பாதிரியாரின் அறையில் ஜூலியட்டும் பாரிஸும் எதிர்பாராமல் சந்திக்கிறார்கள். பாரிஸ் அவளுக்கு வீட்டில் நிச்சயித்த மாப்பிள்ளை; அவளுக்கு ஏற்கெனவே ரகசியமாகக் கல்யாணம் ஆகிவிட்டது அவனுக்குத் தெரியாது. பாரிஸ் முதலில் ‘யூ’ என்றுதான் தொடங்குகிறான். பேச்சுப் போகப் போக, பாவம், உன் முகம் அழுது வீங்கியிருக்கிறதே என்ற இடத்தில் ‘தை’ என்று ஒருமைக்கு இறங்குகிறான். பிறகு, “தை ஃபேஸ் இஸ் மைன்” என்று ஒரு வரி: உன் முகம் என்னுடையது. ஜூலியட் ஒரு தடவைகூட அவனை ‘தௌ’ என்று சொல்லவில்லை. ‘யூ’, ‘சர்’, ‘யூ’, ‘சர்’. அவன் அன்பாகத்தான் பேசுகிறான், கெட்டவன் இல்லை. ஆனால் அவன் உரிமையோடு நெருங்கி வர வர அவள் மரியாதையால் தள்ளிக்கொண்டே போகிறாள். ‘உன் முகம் என்னுடையது’ என்றதற்கு, ‘இருக்கலாம், அது என்னுடையது இல்லைதான்’ என்று பதில் சொல்கிறாள். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வான்; அவளோ அது ரோமியோவுடையது என்று சொல்லிவிட்டாள். இன்றைய ஆங்கிலத்தில் மாற்றி எழுதிய பதிப்பில் இங்கே இருவருமே ‘யூ’ என்றுதான் பேசுவார்கள். கதை நகரும், ஆனால் அந்த அறையில் நடந்தது போய்விடும். உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் இந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது. அதைத் தமிழில் மொழிபெயர்த்துப் பாருங்கள், தானாகவே ‘நீ’யும் ‘நீங்கள்’உம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இதை ஒரு சூத்திரமாகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ‘தௌ’வுக்கும் விளக்கம் எழுதிவிடாதீர்கள். 1590களிலேயே இந்த வேறுபாடு தளர ஆரம்பித்துவிட்டது. ஒரே பேச்சில் காரணமே இல்லாமல் மாறுவதும் உண்டு, அறிஞர்களுக்குள் சண்டையும் உண்டு. ஜூலியட்டின் அப்பா கேப்யூலட் கோபத்தில் கத்தும் இடத்தைப் பாருங்கள். மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சி. மகள் கல்யாணத்துக்கு மறுத்ததும் ‘தௌ’ என்றல்லவா வர வேண்டும்? “மிஸ்ட்ரஸ் மினியன், யூ” என்கிறார். ‘நன்றியும் வேண்டாம், பெருமையும் வேண்டாம், வியாழக்கிழமை கோயிலுக்கு வருகிறாய், இல்லையென்றால் தட்டியில் கட்டி இழுத்துப் போவேன்’ என்கிறார், இழுத்துப் போவேன் என்னுமிடத்தில் ‘தீ’. உடனே மறுபடி ‘யூ’ போட்டு வசவு. நம் வீட்டில் அப்பா கோபத்தின் உச்சியில், ‘மகாராணி சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிறோம்’ என்பாரே, அந்த முதல் ‘யூ’வில் அது இருக்கிறது என்பது என் வாசிப்பு. பின்னால் வரும் ‘யூ’க்கள் வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். விடைத்தாளில் எழுதுவதானால், தோட்டக் காட்சியையும் பாரிஸ் காட்சியையும் தைரியமாக எழுதுங்கள். இதை ‘என்று தோன்றுகிறது’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது முட்டுக்கட்டை சிலேடை. காளமேகப் புலவரின் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனால் ஒன்று: ஷேக்ஸ்பியரின் சிலேடையில் மூன்று ரகம். சில செத்துப்போய்விட்டன. நாடகம் தொடங்கும்போது கேப்யூலட் வீட்டு வேலைக்காரர்கள் இருவர், ‘கரி சுமக்கமாட்டோம்’ என்று ஆரம்பித்து, கரிக்காரன், கோபம், தூக்குக் கயிறு என்று ஒலி ஒற்றுமையிலேயே தாவிக்கொண்டு போவார்கள். கரி சுமப்பது என்றால் அவமானத்தைப் பொறுத்துக்கொள்வது என்பது அன்றைய வழக்கு. இதற்குச் சிரிப்பு வரவில்லையே என்று வருந்தாதீர்கள், மேடையில் இதை வெட்டிவிடும் இயக்குநர்கள் நிறைய. இரண்டாவது ரகம் பச்சைப் பேச்சு. அந்த வேலைக்காரர்கள், செவிலி, ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ எல்லோரிடமும் தாராளமாக இருக்கிறது. பழைய பாடப் பதிப்புகள் அதை நைசாக வெட்டிவிட்டு வரி எண்ணை மட்டும் சரிசெய்து வைத்திருக்கும். இப்போதைய சில உரையாசிரியர்கள் நேர் எதிராக, எந்தச் சொல்லைப் பார்த்தாலும் அதில் ஆபாசம் கண்டுபிடிப்பார்கள். ‘சாவது’ என்ற வினைக்கு அன்றைக்குக் கலவி உச்சம் என்ற இன்னொரு பொருளும் இருந்தது உறுதி. அதற்காக நாடகத்தில் வரும் ஒவ்வொரு சாவிலும் அதைத் திணிக்க முடியாது. இது சாவுகள் நிறைந்த நாடகம்.

மூன்றாவது ரகம்தான் நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியது: உயிர் ஊசலாடும்போது வரும் சிலேடை. மெர்குஷியோ கத்திக்குத்து வாங்கி விழுந்த பிறகு, ‘நாளைக்கு என்னைத் தேடி வாருங்கள், நான் ஒரு கிரேவ் மனிதனாக இருப்பேன்’ என்கிறான். ‘கிரேவ்’ என்றால் கம்பீரம், கல்லறை, இரண்டும். நாடகம் முழுக்கச் சொல்லை வைத்து விளையாடியவன் அதை வைத்தே சாகிறான். அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது ஜூலியட் தன் அம்மாவிடம் பேசுவது. அவளுடைய அத்தான் டிபால்ட்டை ரோமியோ கொன்றுவிட்டான். அம்மா, மகள் அத்தானுக்காக அழுகிறாள் என்று நினைத்து ரோமியோவைச் சபிக்கிறாள். ஜூலியட்டும் சேர்ந்து சபிப்பது போல, ‘ரோமியோவைக் காணும்வரை என் மனம் ஆறாது – டெட் – என் ஏழை நெஞ்சு’ என்ற வரிசையில் சொற்களை அடுக்குகிறாள். நடுவில் நிற்கும் அந்த ‘டெட்’டை முன்னால் சேர்த்தால், ‘ரோமியோவைச் செத்தவனாகக் காணும்வரை’. பின்னால் சேர்த்தால், ‘அவனைக் காணும்வரை செத்துக்கிடக்கிறது என் நெஞ்சு’. அம்மா முதலாவதைக் கேட்டுத் திருப்தியாகிறாள். மகள் பொய் சொல்லவே இல்லை. அச்சில் படிக்கிற நாம் கால்புள்ளி எங்கே என்று பார்ப்போம்; மேடையில் அது நடிகையின் மூச்சில் இருக்கிறது.

ரோமியோ பேசுவதெல்லாம் உயர்ந்த கவிதை என்று எடுத்துக்கொள்வது இன்னொரு பிழை, நானே செய்த பிழை. முதல் காட்சியில் அவன் காதலிப்பது ரோசலின் என்ற வேறொரு பெண்ணை. அப்போது அவன் பேசுவது: ஈய இறகு, ஒளிரும் புகை, குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற ஆரோக்கியம். முரணை வரிசையாக அடுக்குகிறான். அன்றைக்குக் காதலிக்கிற பையன்களெல்லாம் இத்தாலியக் கவி பெட்ராக்கின் பாணியில் இப்படித்தான் உருகினார்கள். பிறகு ஓரிடத்தில் மெர்குஷியோ பெட்ராக்கின் பெயரைச் சொல்லியே ரோமியோவைக் கிண்டல் செய்கிறான். அது தேய்ந்த மொழி என்று தெரிந்தேதான் ஆசிரியர் அவன் வாயில் வைத்திருக்கிறார். தோட்டத்தில் அவன் நிலாமேல் ஆணையிடத் தொடங்கியதும் ஜூலியட் குறுக்கிட்டு, ‘நிலாமேல் வேண்டாம், அது மாதாமாதம் மாறும்’ என்று நிறுத்துகிறாள். பையனுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கிறவள் அவள்தான். இங்கே நமக்கு ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். நாம் காதலியை நிலா என்போம். சூரியன் என்றால் நமக்குச் சுடும். ரோமியோவுக்கு அவள் சூரியன், நிலாவோ அவள் அழகைக் கண்டு பொறாமையில் வெளுத்துப்போன நோயாளி. அவன் ஊர்ப் புராணத்தில் நிலா கன்னித் தெய்வம். அதற்குச் சேவை செய்யாதே, கன்னியாகவே இருந்துவிடாதே என்று நாசூக்காகச் சொல்கிறான்.

ஆனால் வேறு ஓரிடத்தில் நமக்கு விளக்கமே தேவைப்படாது. ரகசியக் கல்யாணத்துக்குப் பின் ஒரே ஓர் இரவு. ரோமியோ விடியுமுன் நகரைவிட்டுப் போக வேண்டும், இருந்தால் மரணதண்டனை. ஒரு பறவை கூவுகிறது. ‘அது வானம்பாடி இல்லை, மாதுளை மரத்தில் ராத்திரி பாடும் நைட்டிங்கேல்’ என்கிறாள் ஜூலியட். வானம்பாடி என்றால் விடிந்துவிட்டது. ‘சரி, நீ சொன்னால் நைட்டிங்கேல்தான், இருந்து சாகிறேன்’ என்று அவன் விட்டுக்கொடுத்ததும், அவள் பதறி, ‘வானம்பாடிதான், வானம்பாடிதான், போய்விடு’ என்று புரள்கிறாள். ஐரோப்பாவில் விடியலைத் திட்டும் பாட்டு என்று ஒரு தனி மரபே உண்டு. குறுந்தொகை 157ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார், ‘குக்கூ’ என்று கோழி கூவியதைக் கேட்டு நெஞ்சு திடுக்கிட்டவளின் குரலில், ‘தோள்தோய் காதலர்ப் பிரிக்கும் வாள்போல் வைகறை’ என்று நாலே வரியில் முடித்துவிட்டார். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததில்லை, இரவு எல்லா ஊரிலும் விடிகிறது. அந்தப் பாட்டைப் படித்துவிட்டு இந்தக் காட்சிக்குப் போங்கள். ஒரே எச்சரிக்கை: நைட்டிங்கேலைக் குயில் என்று மொழிபெயர்க்காதீர்கள். ஷேக்ஸ்பியர் காலத்தில் குயிலினத்தைச் சேர்ந்த குக்கூவின் குரல், மனைவி சோரம் போன கணவனைக் கேலி செய்யும் குரல்.

ஓசையைப் பற்றிச் சுருக்கமாக. வரிக்குப் பத்து அசை, அதில் ஐந்து இடத்தில் அழுத்தம் என்பது பொது ஏற்பாடு. நம் யாப்பு நேர், நிரை என்று அளவைப் பார்க்கும். அவர்களுடையது அழுத்தத்தைப் பார்க்கும். அதனால் கண்ணால் படித்தால் கிடைக்காது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். ‘பேனிஷ்ட்’, நாடுகடத்தப்பட்டவன் என்ற சொல் மூன்றாம் அங்கத்தில் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலான இடங்களில் அதை ‘பேனிஷெட்’ என்று மூன்று அசையாக நீட்டினால்தான் வரி நிறையும். நீட்டிப் படித்தால் அது தலையில் விழும் சம்மட்டி போல இருக்கும். எதுகை ஒட்டாத இடங்களும் உண்டு: முன்னுரைப் பாட்டில் ‘லவ்’வும் ‘ரிமூவ்’வும் ஜோடி. அன்றைய உச்சரிப்பில் அவை ஒட்டின. 2004இல் லண்டன் குளோப் அரங்கில், மொழியியலாளர் டேவிட் கிறிஸ்டலின் உதவியோடு, அந்தப் பழைய உச்சரிப்பிலேயே இந்த நாடகத்தைப் போட்டார்கள். சொற்கள் இடம் மாறி வருவது, வினை கடைசியில் போய் நிற்பது இதெல்லாம் இங்கிலீஷ்காரர்களை மிரட்டும். வினையைக் கடைசியில் வைத்தே பேசி வளர்ந்த நமக்கு அது பெரிய விஷயமில்லை.

எல்லாம் படித்த பிறகும் புரியாத வரிகள் இருக்கும், அவற்றில் சில யாருக்குமே புரியாதவை. மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் ஜூலியட் இரவை வரவேற்கும்போது, ‘ஓடிப்போகிறவர்களின் கண்கள் மூடட்டும்’ என்று ஒரு வரி வருகிறது. யார் அந்த ஓடிப்போகிறவர்? சூரியனா, மன்மதனா, தெருவில் போகிறவர்களா, அச்சுப்பிழையா? பதிப்பாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போட்டுத் தீரவில்லை. அதே பேச்சில், ‘இறந்த பிறகு அவனைச் சின்னச் சின்ன நட்சத்திரங்களாக வெட்டு’ என்ற அழகான வரியில், இறப்பது யார்? 1599 பதிப்பில் ‘நான் இறக்கும்போது’ என்றிருக்கிறது, 1622 வாக்கில் வந்த பதிப்பில் ‘அவன் இறக்கும்போது’. உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் மனப்பாடமான, ரோஜாவை எப்படி அழைத்தாலும் அது மணக்கும் என்ற வரிகூட, ‘வேறு பெயரில் அழைத்தாலும்’ என்பது 1597 பதிப்பின் பாடம்; நம்பகமான 1599இல் ‘வேறு சொல்லால்’ என்றுதான் இருக்கிறது.

அப்புறம், எப்படிப் படிப்பது? இன்றைய ஆங்கிலப் பதிப்பைத் தூக்கிப்போடச் சொல்லமாட்டேன். ஒரு காட்சியை அதில் ஒரு தடவை வேகமாகப் படித்து, என்ன நடக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு மூடிவிடுங்கள். பிறகு மூலத்தை வாய்விட்டு, நிறுத்தாமல், புரியாவிட்டாலும் கடைசிவரை. மூன்றாவது தடவை குறிப்போடு. பென்சிலால் ஒவ்வொரு ‘தௌ’வையும் ‘யூ’வையும் மட்டும் வட்டமிடுங்கள், மற்ற சந்தேகங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் காட்சியில் ஆரம்பிக்காதீர்கள், அந்தக் கரிக்காரர்கள் உங்களை அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். பாரிஸும் ஜூலியட்டும் பேசும் காட்சியில் தொடங்குங்கள், அவர்கள் பேச்சு இருபத்து சொச்சம் வரிதான். முடிந்தால் ஒரு தோழியைப் பாரிஸாகப் படிக்கச் சொல்லி நீங்கள் ஜூலியட்டாகப் படியுங்கள். அவள் ‘தை ஃபேஸ் இஸ் மைன்’ என்று சொல்லும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அந்த வரியின் ஓரத்தில் தமிழில் எழுதி வையுங்கள். தேர்வுக்குக் குறிப்பெடுப்பதை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.